கைத்திறனும் சொல்திறனும்



படித்து முடித்த இளைஞர் ஒரு வேலைக்குத் தகுதி பெறுவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே அறிவுரை கூறுவது எனக்குப் பழக்கமான தொழில். ஆயினும் இந்தப் பொருளைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்பதில் ஐயம் இருக்கிறது. அதற்குக் காரணமான என் பிழை ஒன்றைப் பேச்சின் நடுவிலே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் எங்கள் ஊர்த் தேரிலிருந்து தொடங்குகிறேன்.

மாசி மாதத்திலே காரமடை அரங்கநாதர் கோயில் தேரோட்டம் நடைபெறும். சுற்றுவட்டாரத்து மக்களெல்லாம் வந்து கூடுவார்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். சிறுவனாக இருந்த காலத்தில், அவர்களுடைய தோள்வலியே தேரை ஓட்டுகிறது என்று நான் எண்ணியிருந்தேன். ஓராண்டு என் தந்தையார் என்னைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு, "வடத்தைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார்" என்றார். அங்கே மரக்கட்டையைக் கையில் ஏந்தியபடி சிலர் சக்கரத்தோடு சக்கரமாக நடந்துகொண்டிருந்தார்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில், எந்தச் சக்கரத்தின் கீழ், எந்தக் கணத்தில், எவ்வளவு சாய்வாகக் கட்டையைக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கும் வடம் பிடிப்போருக்கும் இடையிலே ஒருவர் நின்று, துண்டை வீசியும் குரல் கொடுத்தும் "இழு" என்றும் "நிறுத்து" என்றும் அறிவித்துக்கொண்டிருந்தார். கட்டை இடுபவரின் கை பிசகினாலும் ஆபத்து. குறி காட்டுபவரின் சொல் பிசகினாலும் ஆபத்து. வலிமை மட்டும் இருந்து, இவ்விரண்டும் இல்லையென்றால் தேர் நிலைக்கு வந்து சேராது.

உலகத்திலே எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டும் உண்டு. ஒன்று, செய்யத் தெரிந்த கை. மற்றொன்று, செய்ததையும் செய்ய வேண்டியதையும் பிறருக்கு விளங்கச் சொல்லத் தெரிந்த வாய். வேலைக்கு ஆயத்தமாவது என்பது இவ்விரண்டையும் சேர்த்து வளர்த்துக்கொள்வதே என்பது என் கருத்து. இது புதிய கருத்தன்று. திருவள்ளுவர் அமைச்சியலிலே சொல்வன்மை என்னும் அதிகாரத்தை வைத்தவர், அதை அடுத்து வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று செயலைப் பற்றிய மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார். சொல்லையும் செயலையும் அவர் அடுத்தடுத்து வைத்த பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள்.

நம் கோவை மாவட்டத்திலே கைத்திறனுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சூலூருக்கு அருகிலுள்ள கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களை அறியாதார் யார்? பள்ளிப் படிப்பு அவருக்கு மிகக் குறைவு. ஓர் ஆங்கில அதிகாரி ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் அவருக்கு ஆசை உண்டாயிற்று. கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து, பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், திரும்பப் பூட்டினார். அந்தப் பிரித்தலும் பூட்டலுமே அவருடைய பள்ளிக்கூடம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு தொழில் தொடங்கியவர், பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை நடத்தினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரை இங்கேயே உருவாக்கினார். பைகாராவின் நீர்மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்தபோது, அதை ஆலைகளிலும் கிணறுகளிலும் பயன்படுத்தத் தக்க கைகள் இங்கே ஆயத்தமாக இருந்தன. இந்நகரம் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றது இப்படித்தான்.

"பள்ளிக்குப் போகாமலே அவர் உயர்ந்தாரே, நாங்கள் மட்டும் ஏன் படிக்க வேண்டும்?" என்று சில மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொன்ன விடை இதுதான்: படிப்பு வேண்டாம் என்று நாயுடு அவர்கள் எண்ணியிருந்தால், 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி அமைவதற்கு ஏன் பாடுபட்டார்? அதன் முதல்வராக ஏன் அமர்ந்தார்? அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அவர் குறை கண்டது படிப்பின்மேல் அன்று. கை அழுக்காகாமல் ஆண்டுகளைக் கழிக்கும் படிப்பின்மேல். மேலும், இயந்திரங்களைப் பூட்டிய அறைக்குள் வைத்துக்கொள்ளாமல், பலரும் கண்டு கேட்டு அறியும்படி அவர் காட்சிக்கு வைத்தார். அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போயிருந்தால் இது விளங்கும். செய்பவருக்கு, செய்வதைக் காட்டி விளக்கும் கடமையும் உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி, எங்கள் ஊருக்கும் கோவைக்கும் இடையே, மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வருவோம். அங்கே தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம் இருக்கிறது. 1934இல் காந்தியடிகள் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். கைத்தொழிலை நடுவாக வைத்தே பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்ற ஆதாரக் கல்வித் திட்டத்தை அடிகள் 1937இல் வார்தாவில் நாட்டின் முன் வைத்தார். அந்தக் கருத்து வேரூன்றிய இடங்களில் இவ்வித்தியாலயமும் ஒன்று. நூல் நூற்கும் பையன் நூலின் நீளத்தை அளக்கும்போது கணக்கைக் கற்கிறான். பருத்தி விளையும் நிலத்தை அறியும்போது புவியியலைக் கற்கிறான். இது ஒரு பக்கம்.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். கைத்தொழிற் கல்வியைப் போற்றிய அதே அவினாசிலிங்கம் அவர்கள்தாம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்து, தமிழிலே கலைக்களஞ்சியம் வெளிவரச் செய்தார். 1954இல் முதல் தொகுதி வெளிவந்து, பத்துத் தொகுதிகளாக அது நிறைவெய்தியது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன், அந்த வித்தியாலயத்திலே ஆசிரியராகப் பணிபுரிந்தவர். அறிவியலையும் தொழிலையும் தமிழிலே சொல்ல முடியுமா என்று பலர் ஐயுற்ற காலத்தில், சொல்லிக் காட்டினார்கள். கையை வளர்த்த பள்ளியிலிருந்தே சொல்லை வளர்த்த அறிஞரும் வந்தார் என்பதை நான் வியப்போடு நினைப்பதுண்டு.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நான் செய்த பிழையை இனிச் சொல்கிறேன்.

1980களில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துக் காரமடைப் பக்கத்துப் பள்ளியொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வகுப்பு அமைதியான வகுப்பு என்று பெயர் வாங்கியிருந்தது. நான் உள்ளே நுழைந்தால் நாற்பது பிள்ளைகளும் கைகட்டி, வாய்மூடி அமர்ந்திருப்பார்கள். பார்வையிட வந்த அதிகாரிகள் அதைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. கேள்வி கேட்கும் பையனை, "பிறகு பார்க்கலாம், உட்கார்" என்பேன். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வந்ததில்லை. தேர்ச்சி விழுக்காடு குறையவில்லை. ஆகவே என் முறையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவுமில்லை.

அந்த வகுப்பில் முதல் மாணவனாக வந்த ஒருவன், பின்னர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினான். பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அங்கிருந்த மூத்த பொறியாளர் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "தம்பி, நான் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள். என் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கும்படி சொல்." பையனுக்குப் பம்பின் இலக்கணம் ஆங்கிலத்தில் மனப்பாடம், படமும் வரைவான். ஆனால் அந்தக் கேள்விக்கு அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வேலை கிடைக்கவில்லை.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "விடை தெரியுங்க ஐயா. சொல்லத்தான் தெரியலை" என்றான். சற்றுப் பொறுத்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "வகுப்பிலே ஒரு நாளும் எங்களை நீங்க பேசச் சொன்னதில்லீங்களே" என்றான். அவன் என்னைக் குறை கூறவில்லை, நடந்ததைத்தான் சொன்னான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அமைதி என்று எண்ணிப் பெருமைப்பட்டது, அந்தப் பிள்ளைகளின் நாவைக் கட்டிப்போட்ட கயிறு என்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது.

அவனோடு படித்த இன்னொருவன் பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகளில் தானே ஒரு சிறு கடை வைத்திருந்தான். வகுப்பிலே என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவன் அவன்தான். காரணம், பேசிக்கொண்டே இருப்பான்! முதல்வனை நான் அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் போன வேளையில் கறிவேப்பிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏங் கண்ணு, மோட்டாரு ஓடுது, தண்ணி ஏறலையே?" என்று அதே கேள்வியைக் கேட்டார்.

கடைக்காரன் சிரித்துக்கொண்டே விடை சொன்னான். அவன் சொன்னதை என் நடையிலே சொல்கிறேன். "பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. இளநீரில் குழாயை வைத்து உறிஞ்சுகிறோம் அல்லவா? நாம் குழாயிலிருக்கும் காற்றை எடுத்துவிடுகிறோம். வெளியிலிருக்கும் காற்று இளநீரின் மேல் அழுத்தி அதை மேலே தள்ளுகிறது. பம்பின் உள்ளே சுழலும் சக்கரமும் நடுவிலிருக்கும் தண்ணீரை ஓரத்துக்கு வீசி, நடுவிலே அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுக்குள் இருக்கும் காற்று தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. குழாயில் ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து காரியம் கெட்டுவிடும். அடியிலிருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால், குழாயில் நின்ற தண்ணீர் வடிந்துபோய், பம்பு வெறுமனே சுற்றும். உங்கள் கிணற்றில் தண்ணீர் மிகவும் கீழே போயிருந்தாலும் ஏறாது." பெரியவர் தலையசைத்து, "அப்போ முதல்ல ஃபுட் வால்வைப் பார்த்துடலாம்" என்று எழுந்தார்.

காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்துக்கு மேல் தள்ள முடியாது என்பதும், நடைமுறையில் ஏழு மீட்டர் அளவோடு நின்றுவிடும் என்பதும் முதல்வன் படித்த பாடம். கொங்கு நாட்டு ஆழக் கிணறுகளில் பம்பைக் கிணற்றின் உள்ளேயே பாதி ஆழத்தில் இறக்கி வைத்ததற்கு அதுவே காரணம் என்பது அவன் அதுவரை எண்ணிப் பாராத செய்தி. பாடமும் கிணறும் அவன் மனத்தில் அன்றுதான் ஒன்று சேர்ந்தன.

ஆறு மாதம் அவன் அந்தக் கடையிலே ஸ்பானரும் கையுமாக இருந்தான். பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டாரைப் பற்றியும், வந்தவரிடம் தானே விளக்க வேண்டும் என்பது கடைக்காரன் இட்ட கட்டளை. முதலில் குரல் நடுங்கிற்று, பிறகு பழகிற்று. ஆறாம் மாத முடிவில் வேறொரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. இதற்கிடையில் அவன் நண்பனுக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். ஊராட்சியொன்றிலிருந்து குடிநீர் மோட்டார்களைப் பழுது பார்ப்பதற்கு விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். வாயாலே யாரையும் இணங்க வைக்கும் கடைக்காரனுக்கு, ஒரு பக்கம் பிழையின்றி எழுதத் தெரியவில்லை. முன் ஆண்டும் அதனாலேயே அந்த வேலையை இழந்திருந்தான். முதல்வன் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்ததோடு, எழுதும் முறையையும் கற்றுக்கொடுத்தான். ஒருவனுக்கு ஏடு இருந்தது, நா இல்லை. மற்றவனுக்குக் கையும் நாவும் இருந்தன, ஏடு இல்லை. இருவரிடமும் இருந்த குறைக்கும் என் வகுப்பறையில் இடமிருந்தது.

அதன்பின் என் வகுப்பு அமைதியான வகுப்பாக இருக்கவில்லை. நாள்தோறும் பாட முடிவில் ஒரு மாணவர் எழுந்து, அன்று கற்ற ஒன்றைப் படிக்காத தம் பாட்டியாருக்குச் சொல்வதைப் போல் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். இரைச்சல் மிகுந்தது உண்மை. ஆனால் ஓய்வு பெறும் நாள்வரை அந்த இரைச்சலை நான் அடக்கவில்லை.

மாணவர்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புபவை சிலவே. ஏதேனும் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். அது மிதிவண்டியைப் பூட்டுவதாகவும் இருக்கலாம். துணி தைப்பதாகவும் இருக்கலாம். கணினியில் ஒரு கணக்கை அமைப்பதாகவும் இருக்கலாம். செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எங்கே தவறிற்று, எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை கொடுப்பவர் அறிய விரும்புவது பெரும்பாலும் அதையே. பிறகு, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கவில்லையென்றால், உங்களுக்கே இன்னும் முழுமையாக விளங்கவில்லை என்று கொள்ளுங்கள்.

சொல்திறன் என்றால் அடுக்குமொழி என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் சொல்வதை முழுமையாகக் கேட்பது அதன் முதற்படி. தெரியாததைத் "தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வது இரண்டாம் படி. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நம் முன்னோர் சொன்னார்கள். "வெறுங்கை முழம் போடுமா?" என்று சொன்னவர்களும் அவர்களே. இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள். ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். அதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பல கதவுகளை அது திறக்கும். ஆனால் தமிழிலே தெளிவாகச் சொல்ல முடியாத ஒன்றை ஆங்கிலத்திலே தெளிவாகச் சொல்ல முடியும் என்று நம்பாதீர்கள். தெளிவு மொழியில் பிறப்பதற்கு முன்னர் எண்ணத்தில் பிறக்க வேண்டும்.

இன்று வழிகள் முன்னைவிட மிகுதி. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு தொழில் பழகலாம். தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியையும் வழிகாட்டுதலையும் மாணவர்களிடம் கொண்டு வருகிறது. இவற்றை விசாரித்து அறிவதே, வாய்திறந்து கேட்கும் உங்கள் முதற்பயிற்சியாக அமையட்டும்.

இவ்வளவும் இருந்தாலும் சிலருக்கு வேலை உடனே கிடைக்காமற் போகலாம். வேலையின்மைக்கு நாட்டின் பொருளாதார நிலை முதலிய பெருங்காரணங்கள் உண்டு. அதை இளைஞனின் குற்றம் என்று பெற்றோரும் மற்றோரும் எண்ணலாகாது. ஆனால் கற்ற திறன் வீணாவதில்லை. காத்திருப்பவனையும் அது நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

என் மாணவன் இப்போது தன் தொழிற்சாலையில் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறான். சென்ற மாசித் தேருக்கு ஊருக்கு வந்திருந்தான். தன் மகனைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் நின்றான். சக்கரத்தடியில் கட்டை இடுபவரைக் காட்டி அந்தச் சிறுவன், "அவர் என்னங்கப்பா பண்றாரு?" என்று கேட்டான். தந்தை உடனே விடை சொல்லவில்லை. "உனக்கு என்ன தோணுது? முதல்ல நீ சொல்லு கண்ணு" என்றான். சிறுவன் யோசித்து யோசித்துச் சொல்லத் தொடங்கினான். அருகில் நின்ற நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.